618 மில்லிமீட்டரில் ஒரு நூறடிச் சாலை

தச்சர் கொண்டுவந்து வைத்த பலகை 620 மில்லிமீட்டர் நீளம் இருந்தது. நான் எழுதிக் கொடுத்திருந்தது 618. அளவுநாடாவை வைத்துக் காட்டியபோதும் அவர் அதை ஒரு பிழையாக எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு மில்லி ஒரு நூல்கூட வராதே தம்பி" என்றார். அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்று கணக்கிட்டு, வாழ்நாளெல்லாம் கதவும் ஜன்னலும் இழைத்தவருக்கு அது நியாயமான பதில்தான். ஆனால் இந்தப் பலகையின் மேல் உட்காரப்போகும் மாதிரி ரயில் தண்டவாளத்தின் நீளம் சரியாக 620. பலகை அதைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால்தான் தண்டவாளம் இரு முனைகளிலும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீண்டு, பக்கத்துப் பலகையின் தண்டவாளத்தோடு முதலில் சேரும். பலகையும் 620 என்றால் மரமும் மரமும் முட்டிக்கொண்டு நிற்கும். நடுவிலுள்ள இணைப்பு முழுதாகப் பூட்டாது. அன்று மாலை முழுவதும் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு முனையிலும் ஒரு மில்லிமீட்டரைத் தேய்த்து எடுத்தேன்.

நான் செய்துகொண்டிருந்தது டீ-டிராக் எனப்படும் சிறு மாதிரி ரயில் பாதையின் ஒரு மாட்யூல், அதாவது மற்றவர்களுடைய பலகைகளோடு கோத்து ஒரே பாதையாக்கக்கூடிய ஒரு தனித் துண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டி, ஜப்பானில் மேசைமேல் பரப்பி ஓடவிட்டிருந்த சிறு பலகைகளைப் பார்த்த லீ மொனாகோ-ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி அந்த யோசனையை ஒரு முறையாக வகுத்துப் பரப்பினார். அதற்கு முன்பே, 1970களில், கலிபோர்னியாவில் என்-டிராக் என்ற முறை தோன்றியிருந்தது. அதில் ஒரு மாட்யூல் பொதுவாக நான்கடி நீளம், இரண்டடி அகலம், தனக்கென்று கால்கள், மூன்று பாதைகள், பக்கத்து மாட்யூலோடு பிணைக்க இரும்புக் கவ்விகள். கார் வைத்திருப்பவர்களுக்கும், அந்தக் காரை நிறுத்த வீட்டோடு கொட்டகை வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்தும். டீ-டிராக்கில் கால்கள் இல்லை, கவ்விகளும் இல்லை. எந்த மேசை கிடைத்தாலும் அதன்மேல் வைத்துவிடலாம். மாட்யூல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது காட்டோ என்ற ஜப்பானிய மாதிரி ரயில் நிறுவனத்தின் யூனிடிராக் தண்டவாளங்களின் முனையிலுள்ள யூனிஜாய்னர் என்னும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கொக்கிதான். அதனுள்ளே இருக்கும் உலோகத் தகடு மின்சாரத்தையும் கடத்துகிறது. கிலோக்கணக்கில் எடையுள்ள பலகைகள் விரல் நகமளவு கொக்கியை நம்பி நிற்கின்றன என்பதை முதலில் நானும் நம்பவில்லை.

இந்த முறையின் விதிகளை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். ஒற்றை மாட்யூலின் நீளம் 308 மில்லிமீட்டர், இரட்டையின் நீளம் 618, மும்மடங்கு 928. இரண்டு பாதைகளின் மையங்களுக்கு இடையே 33 மில்லிமீட்டர். பலகையின் முன் விளிம்பிலிருந்து முதல் பாதையின் சரளைத்தளம் தொடங்கும் இடம் வரை 38. தரையிலிருந்து, அதாவது மேசையிலிருந்து, பாதையின் அடிவரை 70; பலகையின் அடியிலுள்ள திருகாணியைத் திருப்பி அதை 100 வரை உயர்த்த முடிய வேண்டும். மூலை மாட்யூல் 365க்கு 365. இவ்வளவுதான். பாதைக்குப் பின்னால் மலையா, மசூதியா, மாட்டுச் சந்தையா என்பதைப் பற்றி விதி ஒரு சொல்லும் சொல்வதில்லை. இரு முனைகளிலும் பாதை எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிட்டு, நடுவிலுள்ள அத்தனையையும் செய்பவரிடம் விட்டுவிடுகிறது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மீண்டும் ஆசை பிறந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

மீண்டும் என்று சொல்வதற்கு ஒரு பின்கதை உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டடிக்கு நான்கடிப் பிளைவுட்டில் ஒரு முழு நகரத்தையே அமைக்கத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகள் வேலை நடந்தது. ஒரு நாள்கூட ரயில் முழுச் சுற்று ஓடவில்லை. வாடகை வீடு மாறியபோது அந்தப் பலகை மாடிப்படியின் திருப்பத்தில் திரும்பாமல் நின்றது. அதை இரண்டாக அறுத்து ஊரிலுள்ள வீட்டின் பின்கட்டில் கொண்டுபோய் வைத்தேன். மீதியைக் கரையான் பார்த்துக்கொண்டது. பெரிய பலகையில் எப்போதும் அடுத்த மூலை ஒன்று காத்திருக்கும், எந்த மூலையும் முடியாது. 618க்கு 300 என்பது அப்படியில்லை. பரணில் பெட்டிக்குள் அடங்கும். சாப்பாட்டு மேசையில் வைத்து வேலை செய்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிடலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் எனக்கும் இடையே சமாதானம் நிலவ அந்தக் கடைசி வசதி பெரிதும் உதவியது.

எந்தக் காட்சியை அமைப்பது என்பதைத் தண்டவாளமே முடிவு செய்தது என்று சொல்லலாம். டீ-டிராக் ரயில்களின் என்-ஸ்கேல் என்பது 1:160 அளவு. அதன் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டரை 160ஆல் வகுத்தால் ஏறத்தாழ பத்தரை வருகிறது; மீட்டர் பாதையை வகுத்தால் ஆறேகால். இரண்டுமே 9க்கு ஒத்துவரவில்லை. ஜப்பானியர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்களுடைய பழைய பாதை 1,067 மில்லிமீட்டர் என்பதால், பெட்டிகளை 1:150 அளவில் செய்து, அதே 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடவிட்டு, கண் சற்று அகலமாகவே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நானும் அப்படிச் சமாதானம் செய்துகொள்ள இருந்த வேளையில்தான் சென்னை மெட்ரோ நினைவுக்கு வந்தது. அது ஸ்டாண்டர்டு கேஜ் எனப்படும் 1,435 மில்லிமீட்டர் திட்டப் பாதை. 160ஆல் வகுத்தால் 8.97. எந்தச் சமாதானமும் தேவையில்லாத ஒரே பாதை என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் தூண்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரையிலான அந்தப் பகுதிதான் 2015 ஜூன் 29 அன்று முதலில் திறக்கப்பட்டது. அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல் என்று அது பெரும்பாலும் உள்வட்டச் சாலையின் நடுவிலேயே செல்கிறது. ஜவஹர்லால் நேரு சாலை என்று பெயர்ப்பலகை சொன்னாலும் ஊர் வாயில் அது நூறடிச் சாலைதான். நூறடி என்பது முப்பதரை மீட்டர். 160ஆல் வகுத்தால் 190 மில்லிமீட்டர். என் மாட்யூலின் அகலமோ 300. சாலை முழுதும் அடங்கி, ஓரத்தில் கடைகளுக்கும் இடம் மிஞ்சும் என்று தோன்றியது. ஆனால் மேம்பாலம் சாலையின் நடுவில் வர வேண்டும், பாதையோ முன் விளிம்பிலிருந்து 38 மில்லிமீட்டரில் தொடங்கியாக வேண்டும். இரண்டு பாதைகளும் சேர்ந்து 58 மில்லிமீட்டர் அகலம் என்பதால் சாலையின் மையக்கோடு முன் விளிம்பிலிருந்து 67இல் விழுகிறது. ஆக, பார்ப்பவர் பக்கமுள்ள பாதிச் சாலை 28 மில்லிமீட்டர் குறைவுபட்டு விளிம்போடு வெட்டுப்பட்டுவிடும். இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. பார்ப்பவர் எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொண்டால் அது சரியாகவே இருக்கிறது.

வழக்கமாக டீ-டிராக் மாட்யூல் என்பது கவிழ்த்து வைத்த பெட்டி. அதன் மேல்தளத்தில் பாதை, அதே தளத்தில் வீடும் மரமும். நான் அந்த மேல்தளத்தையே நீக்கிவிட முடிவு செய்தேன். 70 மில்லிமீட்டர் உயரம் என்பது 1:160 அளவில் 11.2 மீட்டர். விதி எனக்கு ஒரு மேம்பாலத்தின் உயரத்தை இலவசமாகக் கொடுத்திருக்கும்போது அதைப் பெட்டிக்குள் மூடி வைப்பானேன்? 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை மேசையை ஒட்டி அடித்தளமாக வைத்து, அதையே சாலையாக்கினேன். திருகாணித் தலையின் 4 மில்லிமீட்டரையும் சேர்த்தால் சாலை மேசையிலிருந்து 16 மில்லிமீட்டர் உயரத்தில் வருகிறது. அங்கிருந்து பாதையின் அடிவரை 54, அதாவது எட்டரை மீட்டருக்குச் சற்று மேல். மாநகரப் பேருந்து தாராளமாகப் புகுந்து போகும்.

மேம்பாலத்தின் தளம் 6 மில்லிமீட்டர் பிளைவுட், 66 அகலம். அதன் அடியில் நீளவாக்கில் இரண்டு 12 மில்லிமீட்டர் அலுமினிய ஆங்கிள்களைப் பசையால் ஒட்டி, அவற்றின் வெளிப்பக்கத்தைச் சன்போர்டு துண்டுகளால் சரிவாக மூடியதும் கான்கிரீட் பெட்டி உத்தரத்தின் தோற்றம் வந்துவிட்டது. சன்போர்டு என்பது விளம்பரப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் நுரை அட்டை. அவர்கள் கடையில் கழிவுத் துண்டுகளைக் கேட்டால் காசு வாங்காமலே ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். தூண்கள் நான்கு. 154.5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வைத்து, இரு முனைகளிலும் அதில் பாதியை விட்டேன். இதே வடிவில் இன்னொரு மாட்யூலைப் பக்கத்தில் வைத்தால் தூண்களின் வரிசை தடையின்றித் தொடரும் என்பது கணக்கு. 154.5 என்பது ஏறத்தாழ 25 மீட்டர். இதற்காக நூறடிச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தூணுக்குத் தூண் அடியளந்து நடந்து பார்த்தேன். தள்ளுவண்டியில் இளநீர் விற்றவர் என்னை நில அளவை ஊழியர் என்று எண்ணிக்கொண்டு சாலை அகலமாகப்போகிறதா என்று கவலையோடு விசாரித்தார்.

அதிகமாக யோசிக்க வைத்தது திருகாணி. நான்கு மூலைகளிலும் எம்-6 திருகாணிகள் அடியிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். அவற்றைத் திருப்பித்தான் மாட்யூலை உயர்த்துவதும் மட்டம் பார்ப்பதும். பெட்டி வடிவ மாட்யூலில் திருகாணியின் மேல்முனை பெட்டிக்குள் மறைந்துவிடும். என்னிடம் பெட்டியே இல்லை. 30 மில்லிமீட்டர் உயர்த்த இடம் வேண்டுமென்றால் 45 மில்லிமீட்டர் நீளத் திருகாணி தேவை. அதை முழுதாக உள்ளே திருப்பியிருக்கும்போது 33 மில்லிமீட்டர் சாலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். நூறடிச் சாலையின் நடுவே ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம் முளைத்தால் நன்றாயிராது. இரண்டு நாள் கழித்துத்தான் விடை தெரிந்தது. உத்தரத்தின் அடிவரை தூணின் உயரம் 36 மில்லிமீட்டர். தூணைக் கட்டையில் செய்யாமல், வெளிவிட்டம் 12, உள்விட்டம் 10 உள்ள அலுமினியக் குழாயில் செய்தால் திருகாணி தூணுக்குள்ளேயே ஏறி இறங்கும். மேலே மூன்று மில்லிமீட்டர் மிச்சமும் இருக்கும். முன்பக்கத் திருகாணிகள் இரண்டையும் முதல் தூணுக்கும் கடைசித் தூணுக்கும் அடியில் வைத்தேன். பின்பக்கத் திருகாணிகள் இரண்டும் கடைக் கட்டடங்களின் வயிற்றுக்குள் போயின. திருகாணியைப் பிடிக்கும் டீ-நட்டை மேலிருந்து அடித்தால் அதன் தட்டு தூணைவிட அகலமாகத் தெரியும் என்பதால், அடியில் பள்ளம் குடைந்து கீழிருந்து அடித்தேன். எடை முழுவதும் அதன் தட்டை மரத்துக்குள் அழுத்துவதால் இதுவே பலமான முறையும்கூட.

நடுத் தூண்கள் இரண்டில் ஒன்றுக்குள் மின்கம்பிகள் இறங்குகின்றன. ஆக, நான்கு தூண்களில் வேலையில்லாமல் வெறுமனே தூணாக நிற்பது ஒன்றே ஒன்றுதான்.

பாதை போடுவது அரை மணி நேர வேலை. 248, 124, 248 என்று மூன்று துண்டுகள் சேர்ந்தால் 620. இரண்டு பாதைக்கு 248 துண்டுகள் நான்கு. ஒரு பொட்டலத்தில் நான்கு இருக்கும். 124 துண்டுகள் இரண்டு போக, பொட்டலத்தில் இரண்டு மிஞ்சும். ஜப்பான் சென்று திரும்பிய உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்தவை என்பதால் மிச்சத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். யூனிடிராக்கின் அடியில் சாம்பல் நிறச் சரளைக்கல் வடிவம் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருக்கிறது. மெட்ரோ மேம்பாலத்திலோ சரளை கிடையாது, கான்கிரீட் தளத்திலேயே தண்டவாளம் பூட்டப்பட்டிருக்கிறது. எனவே சுவர்ப் பட்டியை நீர்க்கக் கரைத்து, பழைய ஏடிஎம் அட்டையின் முனையால் சரளையின் மேல் இழுத்து நிரவினேன். இரு முனைகளிலும் கடைசி 20 மில்லிமீட்டரை அப்படியே விட்டுவிட வேண்டும். யூனிஜாய்னர் தேயும்போது அதைக் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும், அங்கே பட்டி புகுந்தால் பிறகு கழலாது.

முதல் சோதனையில் ஒரு குறை தெரிந்தது. கடைசித் தூணிலிருந்து மாட்யூலின் முனை வரை 77 மில்லிமீட்டர் தளம் எந்தத் தாங்கலும் இல்லாமல் நீண்டிருக்கிறது. ரயில் பெட்டியின் எடைக்கு அது அசையவில்லை. ஆனால் பக்கத்துப் பலகையோடு இணைப்பதற்காகக் கட்டைவிரலால் அழுத்தியபோது முனை கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்தது. அப்படித் தாழ்ந்த நிலையில் இணைத்தால் இரு தண்டவாளங்களின் தலைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது, சக்கரம் அங்கே ஏறி இறங்கும். முனையில் பிளைவுட் சுவர் வைத்தால் பலம் வரும். ஆனால் சாலையை நீளவாக்கில் பார்க்கும் பார்வை அடைபட்டுப்போகும். இதற்கும் விளம்பரப் பலகைக் கடையே கைகொடுத்தது. 3 மில்லிமீட்டர் கண்ணாடி அக்ரிலிக்கில் இரண்டு தகடுகளை வெட்டி, 618க்கு உள்ளடங்கும்படி இரு முனைகளிலும் தளத்துக்கு முட்டாக நிறுத்தினேன். இப்போது முனையில் கை வைத்து அழுத்தினாலும் அசைவில்லை. மேசை மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தூண்களின் வரிசையும் அடியில் நிற்கும் வண்டிகளும் தெரிகின்றன. இந்த மாட்யூலில் எனக்கு மிகவும் பிடித்த பார்வை அதுதான்.

சாலைக்கு மெல்லிய கறுப்பு உப்புத்தாள். கடைகள் மூன்று அடுக்குக் கட்டடங்கள், 60 மில்லிமீட்டர் உயரம். முதலில் அவற்றைக் கனத்த அட்டையில்தான் செய்தேன். ஐப்பசி மழையில் இரண்டே வாரத்தில் அட்டைச் சுவர்கள் வில்லாக வளைந்து, மூலைகள் விட்டுக்கொண்டன. பசை தடவிய இடங்களில் பூஞ்சை பூத்தது. வறண்ட நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறைகளை அப்படியே பின்பற்றியதன் பலன். எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு அதே சுவர்களைச் சன்போர்டில் வெட்டினேன். அடுத்த மழையையும் அவை தாங்கிவிட்டன. தேநீர்க் கடை, மருந்துக் கடை, செருப்புக் கடை, மாடியில் தட்டச்சுப் பயிலகம். பயிலகத்தின் பெயர்ப்பலகையில் எழுத்து அரை மில்லிமீட்டர் உயரம். யாராலும் படிக்க முடியாது என்று தெரிந்தும் எழுத்துப்பிழை இருக்கக்கூடாது என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

ஆட்டோ 16 மில்லிமீட்டர் நீளம், 8 அகலம். முப்பரிமாண அச்சு வைத்திருக்கும் நண்பர் பதினெட்டு ஆட்டோக்களை அச்சிட்டுத் தந்தார். மஞ்சள் பூச இரண்டு இரவுகள் ஆயின. மனிதர்கள் பத்து மில்லிமீட்டர் உயரம். கடையில் விற்கும் பொம்மைகளில் பெரும்பாலோர் கோட்டு அணிந்த ஐரோப்பியர்கள். சிலருக்குக் கோட்டின் கீழ்ப்பகுதியைச் செதுக்கி வெள்ளை பூசியதும் வேட்டியாகிவிட்டது. பெண்களின் நீண்ட பாவாடைக்கு மேல் ஒரு வண்ணக் கீற்றை இழுத்துவிட்டால் புடவை. பின்னாலிருந்து பார்த்தால் மட்டும் அவர்கள் இன்னும் வியன்னாவில்தான் இருக்கிறார்கள். மேலே மின்கம்பி மாட்டும் கம்பங்களை நான் வைக்கவில்லை. பாதையில் பெட்டியை ஏற்ற வரும் கைகள் அவற்றை ஒரு மாலைகூட விட்டுவைக்காது.

ரயில் மட்டும் சென்னை மெட்ரோ அல்ல. அப்படியொன்று கடையில் கிடைக்காது. மெட்ரோவின் பெட்டி ஏறத்தாழ 22 மீட்டர், 1:160 அளவில் 137 மில்லிமீட்டர். தோக்கியோவின் கெய்ஹின்-தொஹோக்கு வழித்தடத்தில் ஓடும் ஈ-233 ரகப் பெட்டி 20 மீட்டர், 1:150 அளவில் 133. துருப்பிடிக்காத எஃகு உடல், வான்நீலப் பட்டை. நான்கு பெட்டிகளைக் கோத்து மேம்பாலத்தில் ஓடவிட்டு, கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டால் போதும். நான்கும் சேர்ந்து ஐந்நூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர் என்பதால் முழு ரயிலும் என் மாட்யூலுக்குள் நிற்கிறது. ஒற்றை மாட்யூல் செய்யாமல் இரட்டையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். தன் ரயில் முழுதாக நிற்க இடமில்லாத மாட்யூல் எப்போதும் எதையோ வெட்டி ஒட்டியதுபோல் எனக்குப் படும்.

தை மாதத்தில் ஐந்து பேர் கூடுவதாக முடிவாகியிருந்தது. அரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம், இரண்டு மடக்கு மேசைகள், அவரவர் மாட்யூல்கள். நாள் குறித்திருந்ததால்தான் என்னுடையதும் முடிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்யூலை அட்டைப்பெட்டியில் வைத்து மெட்ரோவிலேயே கொண்டுபோனேன். அசோக் நகர் நிலையத்தில் பெட்டி சோதனைக் கருவிக்குள் போனதும், கம்பிகளும் திருகாணிகளும் திரையில் தெரிந்திருக்க வேண்டும். காவலர் திறக்கச் சொன்னார். திறந்ததும் அவர் முதலில் தூண்களைப் பார்த்தார், பிறகு நிலையத்துக்கு வெளியே இருந்த தூணைப் பார்த்தார், பிறகு உடன் பணியில் இருந்தவரைக் கூப்பிட்டார். இரண்டு ரயில்களைத் தவறவிட்டேன்.

கூடத்தில் மேசைகள் இரண்டும் ஒரே உயரமில்லை; ஒன்று மற்றதைவிடப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தாழ்வு. 70இலிருந்து 100 வரை என்ற விதி எதற்காக எழுதப்பட்டது என்பது அப்போது புரிந்தது. தாழ்ந்த மேசையிலிருந்தவர்கள் திருகாணிகளை ஏற்றினார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, நான்கு மூலை மாட்யூல்களோடு ஒரு நீள்வட்டம் உருவாயிற்று. மூலைகள் நான்கையும் ஒற்றை மாட்யூல்கள் இரண்டையும் மட்டும் சேர்த்தாலே ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளத்தில் முழுச் சுற்று அமைந்துவிடும். எங்களிடம் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. என் நூறடிச் சாலைக்கு இடப்பக்கம் ஒருவருடைய தேயிலைச் சரிவு. வலப்பக்கம் பனி மூடிய ஜப்பானியக் கிராம நிலையம். சாலை இரு பக்கமும் மரச்சுவரில் போய் முட்டுகிறது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

முன்பாதையில் ரயில் ஓடியது. பின்பாதைக்கு மின்சாரம் கொடுத்த மறுகணம் கட்டுப்பாட்டுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது. குறுக்குச்சுற்று. ஒவ்வொரு மாட்யூலாகக் கழற்றிப் பார்த்ததில், என்னுடையதை நீக்கியதும் சரியாயிற்று. டீ-டிராக்கில் முன்னிருந்து பின்னாகத் தண்டவாளங்களின் கம்பி நிறம் நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம் என்று இருக்க வேண்டும். நான் முன்பாதைக்குச் செய்ததையே பின்பாதைக்கும் செய்து, நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை என்று கோத்திருந்தேன். வீட்டில் என் மாட்யூல் மட்டும் தனியாக இருந்தவரை அது தவறாகவே தெரியவில்லை. ரயில் முன்னும் பின்னும் அழகாக ஓடியது. மற்றவர்களுடைய கம்பிகளும் அதே பாதைக்கு மின்சாரம் கொடுக்கும்போதுதான் என் நீலம் அவர்களுடைய வெள்ளையைச் சந்தித்தது. அந்த நிற வரிசைக்கு ஒரு பொருளும் உண்டு. ஒரே கருவியை இரு பாதைகளுக்கும் இணைத்தாலும் ரயில்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும், உண்மையான இரட்டைப் பாதையைப்போல. நீலம் எதிர்மின்னாக இருக்கும்படி வைத்தால் இரண்டும் இடப்பக்கமாகச் செல்லும், நம் ஊர் வழக்கப்படி.

பற்றவைக்கும் கருவி யாரிடமும் இல்லை. ஆனால் கம்பிகள் தூணுக்குள் இறங்கி அடித்தளத்தில் ஒரு திருகு இணைப்பில்தான் முடிகின்றன. அங்கே இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் போதும். மாட்யூலைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. கவிழ்த்தபோது, ஒட்டாமல் வைத்திருந்த ஆட்டோக்கள் பதினொன்று கூடத்தின் தரையெங்கும் சிதறின. குழந்தைகள் அவற்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்பது திரும்ப வந்தன. இப்போது எந்த மாட்யூலையும் இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரின் ஒலிச்சோதனையில் வைத்து, நீல முனைக்கும் முதல் தண்டவாளத்துக்கும், நீல முனைக்கும் நான்காம் தண்டவாளத்துக்கும் ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொக்கியைப் பூட்டுகிறேன். நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையே ஒலி வரக்கூடாது.

அதன்பின் மூன்று மணி நேரம் ஓடியது. தேயிலைச் சரிவிலிருந்து வரும் ரயில் நூறடிச் சாலையின் மேல் ஏறிப் பனிக்கிராமத்துக்குள் போவதில் எந்தப் பொருத்தமும் இல்லை; அன்று மாலை அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பாதையின் வழியே என்னுடையதல்லாத ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. எட்டடிப் பலகையில் மூன்று ஆண்டுகள் உழைத்தும் பார்க்காத காட்சி அது. கடற்காற்றும் ஈரமும் தண்டவாளத்தின் மேல் படியவைக்கும் கறுப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்ததைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

அடுத்தது மூலை மாட்யூல். எங்கள் ஐவரில் மூலைகளை ஒருவரே சுமந்து வருகிறார், அதில் ஒன்றையாவது பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 282, 315 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவுத் துண்டுகள் வந்துவிட்டன. போன வாரம் தச்சரிடம் போய் 365க்கு 365 என்று எழுதிய தாளைக் கொடுத்தேன். போன முறை செய்ததையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அவர் தூண்களுக்கு அடியே குனிந்து வெகுநேரம் பார்த்தார். முனையில் நீட்டிக்கொண்டிருந்த தண்டவாளத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா அந்த ரெண்டு மில்லி?" என்று கேட்டார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, மடக்கு அளவுகோலைத் திருப்பி, இதுவரை அவர் பயன்படுத்தி நான் பார்த்திராத மில்லிமீட்டர் பக்கத்தைப் பலகையின்மேல் வைத்தார்.